சுடாத தார் ரோடு

அம்மன் கோயில் பொங்காலைக்கு ரோட்டில் அடுப்புப் போட இடம் பிடிப்பதில் சாலை பஜாரிலேயே என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கும்ப மாதம், அதாவது நம் மாசி, பிறந்ததுமே எனக்குக் கை பரபரக்கத் தொடங்கிவிடும். பொங்காலை வரும் பூர நட்சத்திர நாளுக்கு நாலைந்து நாள் முன்னாலேயே எங்கள் தையல் கடைக்கு நேர் எதிரில் மூன்று செங்கல்லைப் போட்டு, மேலே சாக்கட்டியால் என் பேரையும் எழுதிவிடுவேன். இருபத்திரண்டு வருஷமாக அது என் இடம். அதை ஒட்டி இன்னும் மூன்று செங்கல் கிடக்கும். அது மைனியின் இடம்.

மைனி என் வீட்டுக்காரரின் அக்கா. அடுத்த தெருவில்தான் வீடு. நான் கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து இந்த மலையாளத்து ஊருக்கு வந்த நாள் முதல் எங்களுக்குள் சண்டை இல்லாத வாரம் இல்லை. நேரில் வாங்க, போங்க என்றுதான் பேசுவேன், எழுதும்போது அவள்தான். எத்தனை சண்டை வந்தாலும் இரண்டு விஷயத்தில் நாங்கள் கூட்டு. ஒன்று பொங்காலை அடுப்பு. இன்னொன்று சர்க்கரை வியாதி. எனக்குப் பதினொரு வருஷம், அவளுக்கு அதற்கும் மேலே. மாத்திரை தீர்ந்துபோனால் கறிவேப்பிலை கேட்பது போல ஒருத்தி வீட்டில் ஒருத்தி போய்க் கேட்போம். கையில் இருக்கும்போதும் ஞாபகம் வந்தால்தான் போட்டுக்கொள்வோம். சர்க்கரை நம்மை ஒன்றும் செய்யவில்லை என்பதில் இரண்டு பேருக்குமே பெருமை.

பொங்காலை அன்று இந்த ஊர் பெண்களுடையது. கோயிலைச் சுற்றி எந்தத் திசையில் நடந்தாலும், ரோடு, சந்து, பஸ் ஸ்டாண்டு, ஆபீஸ் வாசல் என்று கண்ணுக்கெட்டியவரை அடுப்பும் கலமும்தான். பத்து மணிக்கு மேல் கோயிலில் தீ மூட்டுவார்கள். அந்தத் தீ அடுப்பிலிருந்து அடுப்புக்கு, காய்ந்த தென்னம்பாளைக் கொதும்பிலிருந்து கொதும்புக்கு, ஆயிரக்கணக்கான கைகள் மாறி எங்கள் சாலைத் தெருவுக்கு ஓடி வரும். தூரத்தில் குரவைச் சத்தம், நம் ஊர்க் குலவைதான், கேட்டதுமே என் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அந்த நிமிஷத்துக்காகத்தான் வருஷம் முழுக்க நான் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருக்கிறேனோ என்றுகூடத் தோன்றும். பச்சரிசி, வெல்லம், தேங்காய், நெய் எல்லாம் போட்டு, பொங்கி வழிந்ததும் பூசாரி வந்து தீர்த்தம் தெளிக்கும்வரை அடுப்படியை விட்டு நகரக்கூடாது. சர்க்கரைக்காரி இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று சர்க்கரைப் பாயசம் கிண்டுகிறோமே என்று என் மகள் வருஷா வருஷம் கேலி செய்வாள்.

காலில் செருப்பு கூடாது. சட்டம் ஒன்றும் இல்லை, ஆனால் யாரும் போடமாட்டார்கள். கும்ப மாத வெயிலில், பன்னிரண்டு மணிக்கு, தார் ரோட்டில், அடுப்பின் முன்னால் வெறுங்காலோடு நின்று பார்த்தால் தெரியும். பெண்கள் ஒரு காலை மாற்றி ஒரு கால் தூக்குவார்கள். சாக்கை நனைத்துப் போட்டு அதன் மேல் நிற்பார்கள். குடத்துத் தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொள்வார்கள்.

போன வருஷத்துக்கு முந்தின பொங்காலையில் எனக்குக் கால் சுடவில்லை.

ஆமாம், சுடவே இல்லை. சுற்றிலும் எல்லோரும் குதிக்க, நான் கம்பம் நட்டாற்போல் நின்று பாயசம் கிண்டினேன். முதலில் எனக்கே வியப்பாக இருந்தது. பிறகு நெய்யாற்றின்கரையிலிருந்து வந்திருந்த பக்கத்து அடுப்புச் சேச்சி என் காலைப் பார்த்துவிட்டு, அம்மை உனக்குக் கனிந்துவிட்டாள் என்றாள். அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. இருபத்தொரு வருஷம் விடாமல் போட்ட பொங்காலைக்குக் கிடைத்த வரம் என்றே நினைத்தேன். வருகிறவள் போகிறவளிடமெல்லாம் சொன்னேன். 'எனக்குச் சுடலியே. அம்மைக்குத் தெரியும் யாரு பக்தி எப்படின்னு' என்று வாய்கூசாமல் சொன்னேன். மைனியும் அசையாமல்தான் நின்றாள், ஆனால் மைனி எதற்குத்தான் அசைந்திருக்கிறாள்?

சாயங்காலம் கலத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கூடம், சமையல்கட்டு, கொல்லை என்று நடந்துகொண்டிருந்தேன். வாய் ஓயாமல் என் பெருமைதான். மகள் தரையைப் பார்த்துக்கொண்டே என் பின்னால் வந்தாள். தரை முழுக்க ஈரத்தடம் என்றாள். கால் கழுவினேன் என்றேன். 'ஒரு காலு மட்டுமா கழுவுன அம்மே?' என்று கேட்டாள்.

உட்காரவைத்துக் காலைத் திருப்பினாள். இடது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே, தோல் பொங்கி உடைந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து வடிந்த நீர்தான் தரையில் தடம் போட்டிருந்தது. நான் எட்டிப் பார்த்தேன். என் கால்தான். வலி ஒரு துளிகூட இல்லை. மகள் என்னைத் திட்டிக்கொண்டே அழுதாள். கோபம் வந்தால் அவளுக்கு மலையாளம்தான் வரும். எனக்கு அப்போதும் புத்தி வரவில்லை. அம்மன் கொடுத்த கொப்புளம், மஞ்சள் வைத்தால் ஆறிவிடும் என்று சொன்னேன். அவள் மஞ்சள் டப்பாவைப் பிடுங்கி அலமாரி மேல் வைத்துவிட்டு ஆட்டோ கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் காலைக் கழுவிக் கட்டுப் போட்டு, மறுநாள் சர்க்கரை டாக்டரிடம் அனுப்பினார்கள். சின்ன வயசுப் பெண், மலையாளி. என் தமிழும் அவள் மலையாளமும் நடுவழியில் சந்தித்துக்கொண்டன. எப்போதாவது காலில் எறும்பு ஊருவது போல் இருந்ததா, பஞ்சின் மேல் நடப்பது போல் இருந்ததா என்று கேட்டாள். இருந்தது, இரண்டு வருஷமாக இருந்தது. மிஷின் மிதிப்பதால் வருகிறது என்று நினைத்தேன் என்றேன். வெறுங்காலால் மிதித்தால்தான் எனக்கு மிஷினின் வேகம் பிடிபடும். ஒருநாள் ராத்திரி காலில் ஒரு குண்டூசி குத்தி நின்றதைப் பார்த்து, எப்போது ஏறியது என்று தெரியாமல் பிடுங்கிப்போட்டேன். அதையும் சொன்னேன். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

பிறகுதான் அந்தப் பரிசோதனை. ஒரு கைப்பிடியில் பொருத்திய, தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை. என்னைக் கண்ணை மூடச் சொல்லி, அந்த இழையால் பாதத்தில் அங்கங்கே தொடுவாள், தொடும்போதெல்லாம் நான் 'ம்' சொல்லவேண்டும். எனக்குப் பரீட்சை என்றால் ஜெயித்தாகவேண்டும். கண்ணை மூடிக்கொண்டேன். முதல் இரண்டு தடவை புறங்காலில் தொட்டது தெரிந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவள் எத்தனை நேரத்துக்கு ஒருதரம் தொடுகிறாள் என்று எனக்குக் கணக்குப் பிடிபட்டுவிட்டது. தையல்காரிக்குத் தாளம் பழக்கம்தானே. ம், ம், ம் என்று விடாமல் சொல்லிக்கொண்டே போனேன். நூற்றுக்கு நூறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

'அம்மே, ஞான் தொட்டில்லல்லோ' என்றாள் டாக்டர்.

கண்ணைத் திறந்தேன். அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசி ஐந்தாறு தடவை அவள் தொடவே இல்லை. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மகள் சிரிக்கவில்லை. அதுதான் என்னை உலுக்கியது, அவள் எதற்கும் சிரிக்கிற பெண்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னாள். சர்க்கரை வருஷக்கணக்கில் கூடுதலாக நின்றால் நரம்பு கெடும், அதிலும் உடம்பிலேயே நீளமான நரம்பு போய்ச் சேருவது காலுக்கு என்பதால் அங்கேதான் முதலில் தெரியும். சூடு, முள், ஊசி எதையும் கால் சொல்லாது. இந்தத் தடவை தோலோடு போயிற்று. அடுத்த தடவை புண் எலும்புவரை போனால் விரலை எடுக்கவேண்டி வரலாம், காலையேகூட எடுக்கவேண்டி வரலாம். செத்த நரம்பை அப்படியே திருப்பித் தர மருந்து இல்லை. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம். அதோடு விடவில்லை. காலில் இவ்வளவு இருந்தால் கண்ணையும் பார்க்கவேண்டும் என்றாள்.

கண்ணா? எனக்குக் கண்ணில் என்ன குறை? நூல் கோர்க்கும் கண்ணாடி போட்டால் இன்றைக்கும் கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் ஹெம்மிங் போடுவேன். வாதாடிப் பார்த்தேன், நடக்கவில்லை. கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வெளிச்சம் வாளி வாளியாகக் கண்ணுக்குள் கொட்டியது. பிறகு ஒரு மிஷினில் தாடையை வைக்கச் சொல்லிப் பளிச் பளிச்சென்று படம் எடுத்தார்கள்.

அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் காட்டினார்கள். மருந்து விட்ட கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை என்று நான் அடம்பிடிக்க, மகள் அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் பார்வை தெளிந்ததும் பார்த்தேன். ஐயோ, என்ன அழகு! ஆரஞ்சு நிற நிலா மாதிரி ஒரு வட்டம், அதில் ஒரு ஓரத்திலிருந்து சிவப்பு நூல்கள் கிளை கிளையாகப் பிரிந்து போகின்றன. முப்பது வருஷமாக நூலோடு பிழைக்கிறவளுக்கு, தன் கண்ணுக்குள்ளேயே இப்படி ஒரு எம்பிராய்டரி இருப்பது தெரியாமல் போயிற்றே. பயத்தைவிட ஆச்சரியம்தான் முந்திக்கொண்டு வந்தது. மகள் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். நூல்களின் ஓரத்தில் குண்டூசி முனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள். வலது கண்ணில் நாலு, இடது கண்ணில் இரண்டு. நுண்ணிய ரத்தக் குழாய்கள் அங்கங்கே வீங்கியிருக்கின்றன, இது ஆரம்பம் என்று கண் டாக்டர் மகளிடம் சொன்னாராம். இப்போதைக்கு ஊசியும் வேண்டாம், லேசரும் வேண்டாம். சர்க்கரையையும் பிரஷரையும் கட்டுக்குள் வைத்து, சொன்ன தேதிக்கு வந்து படம் எடுத்துப் பார்க்கவேண்டும். பார்வை மங்கும்வரை காத்திருந்தால் நேரம் கடந்திருக்கும்.

அன்றைக்கு நான் தூங்கவில்லை. ஆனால் அழுதுகொண்டு கிடக்கவும் இல்லை. எனக்கு ஒரே வேகம். அரிசி டப்பாவில் ஆறே ஆறு வண்டு மாதிரி ஆறு புள்ளி, இப்போதே பார்த்தாயிற்று! இரண்டு கண்ணும் இரண்டு காலும் இன்னும் என்னிடம் இருக்கின்றன, இனி ஒன்றையும் விட்டுக்கொடுக்கமாட்டேன் என்று சபதமே போட்டேன். மாத்திரைக்கு நேரம் வைத்தேன். மரச்சீனிக் கிழங்கு வேகவைத்ததை இரண்டு துண்டோடு நிறுத்தினேன். வாழ்க்கையில் நான் செய்த பெரிய தியாகம் அது. கடையில் டிரையல் ரூமில் நிற்கும் நிலைக்கண்ணாடிகளில் சின்னதை வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்குக் கீழே வைத்தேன். தினமும் படுப்பதற்கு முன் அதில் பாதத்தைப் பார்ப்பது, விரல் இடுக்கைத் துடைப்பது, வெடிப்புக்கு எண்ணெய் தடவுவது. புண் ஆற மூன்று மாதம் ஆயிற்று. வீட்டுக்குள்ளும் கடைக்குள்ளும்கூட மெத்தென்ற ரப்பர் செருப்பு. கடைக்குள்ளே செருப்பா என்று முகம் சுளித்த வாடிக்கைக்காரிகளுக்கு என் கண் படத்தைப் போனில் காட்டிப் பாடம் எடுத்தேன். அளவு ஜாக்கெட் கொடுக்க வந்தவள் கண் டாக்டரிடம் போன கதையெல்லாம் உண்டு.

அடுத்த வருஷப் பொங்காலைக்கு நான் போகவில்லை. புண் ஆறியிருந்தாலும் தோல் இன்னும் முழுசாகக் கெட்டிப்படவில்லை, எனக்கே துணிவு வரவில்லை. என் இடத்தில் யாரோ ஒருத்தி அடுப்புப் போட்டாள். கடை வாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்தது, கால் புண்ணைவிட எனக்கு வலித்தது.

இந்த வருஷம் கும்பம் பிறந்தபோது டாக்டரிடம் நேராகவே கேட்டேன். பொங்காலை போடலாமா, கூடாதா? இரண்டில் ஒன்று சொல்லு. கால் சோதனையில் மேலும் மோசமாகவில்லை, கண்ணில் புள்ளி கூடவில்லை. அவள் யோசித்துவிட்டு, தானும் பொங்காலை போடுகிறவள்தான் என்றாள். மூடின ஷூ போட்டுக்கொண்டு, நிழலில், காலடியில் ஈரச்சாக்கு விரித்து நிற்பதானால் போகலாம். வெறுங்காலென்றால் கூடாது.

நான் எழுந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். அன்றைக்கே புது ஷூ ஒன்று வாங்கினேன். தெரு மண் படாத ஷூ. அதன் மேலே கசவுப் புடவையில் மிச்சம் வந்த துண்டை வைத்து, தங்கக் கரை விளிம்பில் வரும்படி கையால் தைத்தேன். இரண்டு நாள் வேலை. என் பழைய ஊசியால், என் சொந்தக் கண்ணால் தைத்தேன். போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது கல்யாணப் பெண் மாதிரி இருந்தது.

மைனி பார்த்தாள். ஷூ போட்டுக்கொண்டு அம்மன் முன்னால் நிற்க எப்படி மனசு வருகிறது என்று கேட்டாள். அம்மன் என் காலைப் பார்க்கிறாளா, மனசைப் பார்க்கிறாளா என்று கேட்டேன். பேச்சு முற்றி, இனி உன் அடுப்புக்குப் பக்கத்தில் செங்கல் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்குத்தான் வியாதி வரும், நான் திடமாக இருக்கிறேன் என்று வாசலில் நின்று ஒரு குத்தும் குத்தினாள். இத்தனை வருஷத்தில் முதல்முறையாகச் செங்கல் பிரிந்தது. நாலு அடுப்புக்கு இடம் விட்டுத் தள்ளிப் போட்டாள்.

பொங்காலை அன்று விடியும் முன்பே ரோடு நிறைந்துவிட்டது. எங்கிருந்தெல்லாமோ ஜனம், மைனிக்கு அந்தப் பக்கம் இடம் கேட்டு வந்தவர்களுக்கு நெருங்கிக் கொடுத்து நெருங்கிக் கொடுத்து, பத்து மணிக்குப் பார்த்தால் மைனியின் அடுப்பு மறுபடி என் அடுப்புக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. என் ஷூவைப் பார்க்கத்தான் கூட்டம். இது எங்கே கிடைக்கும் என்று மூன்று பேர் கேட்டார்கள், இரண்டு பேரிடம் கால் அளவுகூட எடுத்துக்கொண்டேன். தூரத்தில் குரவை கேட்டது. தீ வருகிறது, தீ வருகிறது என்று தெருவே எழுந்து நின்றது. எனக்கு முன்னால் இருந்தவள் கொதும்பை நீட்ட, நான் வாங்கி என் அடுப்பில் வைத்து, இன்னொரு கொதும்பைப் பற்றவைத்து மைனியிடம் நீட்டினேன். சண்டையாவது ஒன்றாவது, தீயை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? வாங்கிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

பன்னிரண்டு மணிக்குக் கலம் பொங்கும் பருவம். வெயில் உச்சியில். சுற்றிலும் பழையபடி குதியாட்டம், சாக்கு, தண்ணீர். குடை நிழலில், ஈரச்சாக்கின் மேல், என் ஷூவுக்குள் என் கால் பத்திரமாக இருந்தது. மைனி வெறுந்தாரில், சாக்குகூட இல்லாமல் நின்றாள். பின்னால் நின்ற ஒருத்தி, அம்மா காலு பொள்ளுமே என்று அவளிடம் சொன்னாள்.

மைனி எனக்குக் கேட்கும்படி, 'எனக்கு ஒண்ணும் சுடலியே. அம்மைக்குத் தெரியும் யாரு பக்தி எப்படின்னு' என்றாள்.

கிண்டுவதை விட்டுவிட்டுத் திரும்பினேன். அதே வார்த்தை. நான் சொன்ன அதே வார்த்தை. அன்றைக்கும் இவள் என் பக்கத்தில் இப்படித்தான் அசையாமல் நின்றாள். அதற்கப்புறம் எத்தனை ராத்திரி என் பாதத்தைக் கண்ணாடியில் பார்த்தேன், யார் யாருக்கோ பாடம் எடுத்தேன். அடுத்த தெருவில் இருக்கிற இவள் காலை ஒரு நாள், ஒரே ஒரு நாள் பார்க்கத் தோன்றவில்லையே எனக்கு. 

அவள் தோளைப் பிடித்து அழுத்தி என் ஸ்டூலில் உட்காரவைத்தேன். என் ஈரச்சாக்கை இழுத்து அவள் காலடியில் போட்டேன். என்னத்துக்கு இது என்று திமிறினாள். ஒரு நிமிஷம் மைனி, கண்ணை மூடிக்கோங்க, நான் தொட்டா 'ம்' சொல்லுங்க, அவ்வளவுதான் என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, கண்ணை மூடினாள். முதலில் அவள் கையைத் தொட்டேன். ம் என்றாள். முழங்காலைத் தொட்டேன். ம் என்றாள். நான் குனிந்து, டாக்டர் எனக்குச் செய்ததுபோல, அழுத்தாமல், ஒரே விரலை அவள் பெருவிரல் நுனியில் வைத்தேன். எடுத்துச் சுண்டுவிரலில் வைத்தேன். பிறகு மற்ற காலில்.

மைனி கண்ணை மூடியபடி காத்துக்கொண்டிருந்தாள். இரண்டு கலமும் பொங்கி வழிந்தன, தெரு முழுக்கக் குரவை எழுந்தது.

'தொடுறதுன்னா சட்டுனு தொடுட்டி' என்றாள். 'எவ்வளவு நேரம் கண்ண மூடிட்டு இருக்க?'

என் விரல் அவள் காலில்தான் இருந்தது.